சிவப்பு எரிச்சலுக்கு, வெள்ளை நோவுக்கு

தீம்பாரில் வேலை செய்யும்போது நாங்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். தீம்பார் என்றால் ரப்பர் மரக்காடு. எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மர நிரைக்குப் போனால், மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து, ஸ்டோருக்கு வந்து இறக்கும்வரை தொண்டை காய்ந்தே கிடக்கும். பக்கத்திலேயே ஓடை ஓடும். குனிந்தால் அள்ளிக் குடிக்கலாம். குடித்தால் ஒதுங்க வேண்டும், அதனால் குடிக்க மாட்டோம்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு ஒதுங்குவது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. ஒருத்தி புதருக்குள் போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்பாள். வேலை வாங்குகிற தண்டல் அந்தப் பக்கம் வந்தால் சத்தமாக இருமுவாள், அவ்வளவுதான். அவர்கள் வந்தபிறகு, பாலிங் போகும் சாலை எங்கள் தோட்டத்தைத் தொடுகிற முனையில் ஒரு காவல் கொட்டகை போட்டார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியோடு நினைத்த நேரத்தில் மரங்களுக்கிடையே நடந்து வருவார்கள். பக்கத்து லயத்து வீட்டு வரிசைப் பெண் ஒருத்தி புதர்ப் பக்கம் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. வந்தபிறகு யாரோடும் பேசவில்லை. அன்றிலிருந்து நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சீவுகிற வேலையோடு அடக்குகிற வேலையையும் சேர்த்துச் செய்தோம். அதற்குக் கூலி கிடையாது.

இப்போது டாக்டர்கள் "தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்" என்று சொல்லும்போது எனக்குப் பொசுக்கென்று கோபம் வருகிறது. பாவம், அவர்கள் நல்லதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் குடிக்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் லயத்து வீட்டில் அப்போது நாங்கள் இரண்டே பேர்தான் இருந்தோம். நானும் என் ஓரகத்தியும். என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அதற்குப்பிறகு ஒரு சேதியும் இல்லை.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணவருக்கு அண்ணன் என்றால் எங்கள் பக்கம் மூத்தார் என்போம். மூத்தார் முன்னால் தம்பி மனைவி உட்காரக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பில் சமைத்துத் தின்றுகொண்டு, நான் அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. "அக்கா, சோறு போட்டாச்சுன்னு சொல்லு" என்பேன். அவர் நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். என் ஓரகத்தி திரும்பி, "சோறு போட்டாச்சாம்" என்பாள். அவர், "உப்பு பத்தலன்னு சொல்லு" என்பார். "உப்பு பத்தலையாம்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "நல்ல தந்தி ஆபீசு நடத்துறேன் நான்" என்று சிரிப்பாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் அப்படி நின்றுகொண்டிருந்தாள்.

சயாமிலிருந்து ஒரே ஒருவர் தப்பித்து வந்தார். எங்கள் தோட்டத்து ஆள் இல்லை, பக்கத்துத் தோட்டத்து ஆள். ஒரு காலை முழங்காலோடு இழந்துவிட்டு வந்தார். அவர் வந்தது தெரிந்ததும் புருஷனைச் சயாமுக்குக் கொடுத்த பெண்கள் எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்தோம். எங்கள் ஆட்களை அவருக்குத் தெரியவில்லை. தன் காலைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மூங்கில் சிராய் கீறி, அது புண்ணாகி, எலும்பு தெரிகிற அளவுக்கு அழுகிப் போனதாம். "வெள்ளை மாத்திரைன்னு ஒன்னு இருக்கு. அதைப் பொடி பண்ணிப் புண்ணுல போட்டவன் எல்லாம் காலோட இருக்கான். எனக்குக் கிடைக்கல" என்றார். திரும்பி நடக்கும்போது என் ஓரகத்தி வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அவள் வாய் மூடி நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்து அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. முதலில் என்னிடம் சொல்லவில்லை. இதெல்லாம் எங்களுக்குச் சொல்லக்கூடிய நோவு இல்லை. லயத்துக் கக்கூசுக்குப் போய்விட்டு வருகிறவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பதைப் பார்த்து நானாகக் கேட்டேன்.

"தீயா எரியுதுடி. சொட்டுச் சொட்டாத்தான் போகுது. போயிட்டு வந்தா திரும்பவும் முட்டுது" என்றாள்.

சூடு என்று நாங்கள் முடிவு செய்தோம். உடம்பில் சூடு ஏறினால் நீர் கடுக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினோம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கலாமென்றால் ஜப்பான் காலத்தில் விளக்கெண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெயை வைத்தோம். இளநீர் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பால் வாளியைத் தூக்கும்போது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்ததைப் பார்த்தபிறகு, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இழுத்துக்கொண்டு போனேன் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு.

ஆஸ்பத்திரி என்பது ஒரு பலகை வீடு. டாக்டர் கிடையாது. டிரெசர் என்று நாங்கள் கூப்பிடுகிற மருந்துக்காரர் ஒருவர்தான் இருந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபிறகும் அவர் ஓடவில்லை. ஆனால் அலமாரி காலி. ஜப்பான்காரன் வந்த புதிதிலேயே மருந்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவருக்கும் எந்நேரமும் எரிச்சல். எதைக் கேட்டாலும் சிடுசிடு என்பார். அவரை எனக்குப் பிடிக்கும்.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டார்.

"வயித்து வலிங்கய்யா" என்றாள் என் ஓரகத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. "வயித்து வலி இல்லங்கய்யா. நீர்க்கடுப்பு. நீர் போறப்ப எரியுது, சொட்டுச் சொட்டாப் போகுது" என்றேன். அவள் என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். அந்தத் தடம் இரண்டு நாள் இருந்தது.

அவர் முகம் மாறாமல் கேட்டார். காய்ச்சல் உண்டா, குளிர் உண்டா, முதுகு வலிக்கிறதா, நீரில் ரத்தம் வந்ததா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் விலாவுக்குக் கீழே கைமுட்டியால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் மேல ஏறல. நல்ல காலம்" என்றார். பிறகு உள்ளே போய் சாமிப் படத்தைக் கழற்றி, அதன் பின்னால் பலகை இடுக்கில் ஒளித்து வைத்திருந்த ஒரு சீசாவை எடுத்துவந்தார். கீழ் டிராயரிலிருந்து இன்னொரு சீசா. காகிதத்தில் இரண்டு பொட்டலம் மடித்தார்.

"நல்லா கேட்டுக்க. இந்தச் சிவப்பு எரிச்சலுக்கு. இந்த வெள்ளை நோவுக்கு. சிவப்பு நோவைத் தீர்க்காது, வலியை மட்டும்தான் மறைக்கும். வெறும் வயித்துல போடாத, பசியாறிட்டுப் போடு. ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு, அதுக்கு மேல அது ஆகாது. நீர் செங்கல் கரைச்ச மாதிரி போகும், ரத்தம்னு பயந்துக்காத. துணியில பட்டா கறை போகாது. வெள்ளைதான் மருந்து. எரிச்சல் நின்னு போச்சுன்னு அதை நிறுத்திடாத. கடைசி மாத்திரை வரைக்கும் முடிச்சிடணும். தண்ணி நெறையக் குடிக்கணும்."

"எங்கங்கய்யா குடிக்கிறது?" என்றேன். அவர் பொட்டலங்களை இன்னொரு தரம் அழுத்தி மடித்தார். அவருக்கும் தெரியும்.

"காய்ச்சலோ குளிரோ வந்தா, முதுகு வலிச்சா, வாந்தி எடுத்தா, கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சாலும் சரி, உடனே வா. வலி இல்லையேன்னு வீட்டுல இருந்துடாத" என்று மறுபடியும் சொன்னார்.

என் ஓரகத்தி வெள்ளைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதான் சயாம்ல புண்ணுக்குப் போடுற மாத்திரைங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. சல்பா மாத்திரை. எல்லாத்துக்கும் இப்ப இதுதான், இதுவும் இனிமே இல்ல. உனக்குக் கொடுத்தது போக சீசாவுல ரெண்டு மூணுதான் கிடக்குது" என்றார் அவர். அவள் ஏதோ பேச்சுக்குக் கேட்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே சிவப்பு மாத்திரை வேலை செய்துவிட்டது. சாயங்காலம் அவள் கக்கூசிலிருந்து முகமெல்லாம் மலர்ந்து வந்தாள். "எரியலடி. ஒன்னுமே எரியல" என்றாள். என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். வாய்க்கால் சிமெண்டில் செம்மண் தண்ணீர் ஓடியதுபோலத் தடம்.

"பாத்தியா, சூடு எப்படி இறங்குதுன்னு. உள்ள கிடந்த சூடெல்லாம் நெறத்தோட வருது" என்றாள்.

"அது மாத்திரையோட நெறம்னு டிரெசர் சொன்னாருல்ல."

"அவரு இங்கிலீசு வைத்தியம் படிச்சவரு. சூட்டைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

நான் விட்டுவிட்டேன். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றியது என்பதை மறைப்பானேன்? அதை நேரில் பார்த்தவர்கள் நம்பாமல் இருக்க முடியாது. எரிந்தபோது நீர் மஞ்சளாக இருந்தது. எரிச்சல் நின்றபோது சிவந்து கொட்டியது. சூடு வெளியேறியது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? லயத்துப் பெண்கள் இரண்டொருவர் வந்து பார்த்துவிட்டு, "அதுல எனக்கு ஒன்னு குடேன்" என்று கேட்டார்கள். அவர்களுக்கும் அந்த எரிச்சல் இருந்தது. எங்களில் யாருக்குத்தான் இல்லை? அவள் கொடுக்கவில்லை.

வெள்ளை மாத்திரையைப் பற்றி நான் தினமும் கேட்டேன். "போட்டியா?" "போட்டேன்." "எல்லாத்தையும் முடிக்கணும்னாரு." "முடிச்சிடுவேன். நீ என்ன எனக்கு மாமியாரா?" இப்படித்தான் போகும். அவள் என்னிடம் பொய் சொல்கிறவள் இல்லை. உப்பு குறைந்தால்கூட முகத்துக்கு நேரே சொல்கிறவள்.

சிவப்பு மாத்திரை விஷயத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. இரண்டு நாள் கழித்தும் நீர் சிவப்பாகவே போவதைப் பார்த்தேன். கேட்டபோது ஒவ்வொன்றையும் பாதியாக உடைத்துப் போடுவதாகச் சொன்னாள்.

"ரெண்டு நாளைக்கு மேல ஆகாதுன்னு சொன்னாரே, காதுல விழலையா?"

"முழுசா போட்டாத்தானே ரெண்டு நாளு. பாதி போட்டா நாலு நாளு. கணக்குத் தெரியாதவளா இருக்கியே" என்றாள்.

அது எங்கள் காலத்துக் கணக்கு. துவைக்கிற சவர்க்காரத்தை நூல் போட்டு அறுத்துக்கொண்டோம். தீக்குச்சியை நெடுக்காகப் பிளந்து இரண்டாக்கினோம். மரவள்ளிக் கிழங்குக்கு நடுவே கிடக்கும் நாலு பருக்கைச் சோற்றைக்கூட இரண்டு வேளைக்குப் பிரித்தோம். எதையும் பாதியாக்கினால் இரண்டு மடங்கு நாள் வரும் என்று பழகிப்போன கை அது. மருந்துக்கு வேறு கணக்கு உண்டு என்று அந்தக் கைக்குத் தெரியாது.

அந்தப் பாதி மாத்திரைகளும் தீரப்போன சமயத்தில் நிறம் வெளுத்தது. அவளுக்கு அது பயமாக இருந்தது. "சூடு உள்ளேயே நின்னுடுச்சு போல" என்று மிச்சமிருந்ததை எல்லாம் ஒன்றாகப் போட்டாள். மறுபடி சிவந்தது. மறுபடி சந்தோஷம். வெள்ளையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சாச்சு. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான்" என்றாள். இனி அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம் என்கிற மாதிரி விளக்குமாறை எடுத்துக்கொண்டாள்.

காய்ச்சல் அதன்பிறகுதான் வந்தது. பல் கிடுகிடுக்கிற குளிர், அப்புறம் கொதிப்பு, அப்புறம் வேர்வை. எங்கள் தோட்டத்தில் அப்போது குளிர்காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது. கொசுவுக்கு மருந்து அடிப்பதும் நின்றுபோய், அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரையும் இல்லாமல், வாரத்துக்கு ஒரு பிணம் போய்க்கொண்டிருந்த காலம். இதுவும் அந்தக் காய்ச்சல்தான் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். வேப்பிலை போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். எரிச்சல்தான் இல்லையே, அந்த நோவு போய்விட்டது, இது வேறு நோவு. அப்படித்தான் நாங்கள் பிரித்து வைத்துக்கொண்டோம். காய்ச்சல் விட்ட வேளையில் வேலைக்கும் போனாள். போகாவிட்டால் அரிசி இல்லை.

முதுகு வலிக்கிறது என்று சொன்னபோதும் வாளி தூக்கிய வலி என்றாள். கோணலாக நடந்தாள். பிறகு ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தவள் வாந்தி எடுத்து அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் டிரெசரைக் கூப்பிட ஓடினேன்.

அவர் வந்து அவளைப் புரட்டி, அதே இடத்தில், விலாவுக்குக் கீழே, விரலை வைத்தார். வைத்ததுதான் தாமதம், அவள் அலறிவிட்டாள்.

"குளிர்காய்ச்சல் இல்ல. மேல ஏறிடுச்சு" என்றார். அவருடைய சிடுசிடுப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. "எத்தனை நாளா காய்ச்சல்? அப்பவே ஏன் வரல?"

"எரிச்சல் இல்லையேங்கய்யா" என்றேன் நான்.

"அதைத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." அவளிடம் குனிந்து, "வெள்ளை மாத்திரை எல்லாத்தையும் முடிச்சியாம்மா? உண்மையைச் சொல்லு" என்று கேட்டார்.

"முடிச்சிட்டேங்கய்யா" என்றாள். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்காமல் சொன்னாள். வயிற்று வலி என்று பொய் சொன்னபோது தரையைப் பார்த்தவள் அவள். அதனால்தான் நான் நம்பினேன். அவரும் நம்பினார்.

அவர் வெளியே வந்து என்னிடம் சொன்னார். "அத்தனையும் போட்டும் கேக்கலன்னா இனிமே என்கிட்ட ஒன்னும் இல்லம்மா. மிச்சம் கிடந்ததையும் ஒரு பிள்ளைக்குக் குடுத்துட்டேன். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்க கட்டில்தான் இருக்கு, மருந்து இல்ல. தண்ணி குடு. குடுத்துக்கிட்டே இரு." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தண்ணீர் கொடுத்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். வீட்டுக்குள் சிப்பாய் இல்லை, ஒதுங்கப் பயமில்லை. அவளால்தான் விழுங்க முடியவில்லை.

நினைவு தெளிந்த ஒரு வேளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொட்டியில இருக்கிற கூறைப் புடவைய யாருக்கும் குடுத்துடாத. அரிசிக்கும் மாத்திடாத. அவரு வந்தா அவரு கையில குடு. அவரே பிரிக்கட்டும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அப்போது சாக்குத் துணியைத்தான் தைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். என்னுடைய கூறைப் புடவை எப்போதோ பெண்டாங் பக்கம் அரிசிக்குப் போய்விட்டது. அவள் மட்டும் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. "உன் பொடவைய நான் எதுக்குத் தொடப்போறேன்? நீயே எழுந்து குடு" என்றேன். அவள் லேசாகச் சிரித்தாள். காய்ச்சலில் யாரும் ஒரே நாளில் சாவதில்லை என்று அவள் நினைத்திருப்பாள். டிரெசர் வெளியே வைத்துச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் உச்சி வேளையில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

லயத்துப் பெண்கள் வந்து கூடினார்கள். குளிப்பாட்டி முடித்ததும் பேச்சு எழுந்தது. மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து அனுப்புவதா, வெறும் நெற்றியோடா? புருஷன் சயாமில் இருக்கிறானா இல்லையா, யாருக்குத் தெரியும்? இல்லாத புருஷனுக்குப் பொட்டு வைத்தால் தோஷம் என்றாள் ஒருத்தி.

"இல்லைன்னு எவ வந்து சொன்னா?" என்றேன். "இருக்காரு. பொட்டு வைங்க. கூறைப் பொடவை கட்டித்தான் அனுப்பணும்." அவளுக்காகப் பேசினேனா எனக்காகப் பேசினேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அவர் இல்லையென்றால் அதே லாரியில் போன என் புருஷனும் இல்லை. அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் கட்டிய புருஷன் உயிரோடிருக்கும் பெண்ணைச் சாக்கைச் சுற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பெட்டியைத் திறந்தேன்.

புடவையைப் பிரித்தபோது முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்தேன். உள்ளே டிரெசர் கொடுத்த வெள்ளைப் பொட்டலம். அவர் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஒன்றைக்கூட அவள் போட்டிருக்கவில்லை. புண்ணோடு வரப்போகிற புருஷனுக்காக அத்தனையும் வைத்திருந்தாள். எரிச்சலை நிறுத்தச் சிவப்பு இருந்தது, சூடு இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, வெள்ளை எதற்கு வீணாக என்று நினைத்திருக்கிறாள்.

நான் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். பாவி, சண்டாளி, உனக்கு மூளை இருக்கா, தலைமாட்டுல மருந்தை வெச்சுக்கிட்டுச் செத்துக் கிடக்கிறியே என்று கத்தினேன். பெண்கள் என்னை அணைத்துக்கொண்டு கூடவே அழுதார்கள். அவர்கள் அதை ஒப்பாரி என்று நினைத்தார்கள். நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு பொட்டலத்தை டிரெசரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்தார். பிறகு, "வேற ஆளுக்கு ஆகும்மா" என்றார்.

"குடுக்க மாட்டேன்" என்றேன். அது நியாயமா என்று நான் யோசிக்கவில்லை. தோட்டத்தில் எத்தனையோ பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு உயிரைக் கொடுத்துச் சேர்த்துவைத்த பொருள் அது. அவள் யாருக்கென்று சொன்னாளோ அவருக்குத்தான். டிரெசர் வற்புறுத்தவில்லை. எழுந்துபோய் ஒரு காலி சீசாவைத் துடைத்து, அதில் மாத்திரைகளைப் போட்டுத் தக்கை வைத்து இறுக்கி என்னிடம் தந்தார். "ஈரம் படாம வெய்யி" என்றார்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனபிறகு, சயாமுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒரு மத்தியானம் மூத்தார் வாசலில் வந்து நின்றார். ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, எலும்பும் தோலுமாக. முழங்காலுக்குக் கீழே கந்தல் சுற்றியிருந்தது. அதிலிருந்து நாற்றம் வந்தது. அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று நான் பார்த்தேன். வழி வெறிச்சென்று கிடந்தது.

அவர் வழக்கம்போல என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் பார்த்தார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். எங்களுக்கு நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லை.

"அக்கா போயிடுச்சு" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டார். "தம்பியும் போயிட்டான்" என்றார்.

அன்று மாலையே அவரை டிரெசரிடம் அழைத்துக்கொண்டு போனேன். கந்தலை அவிழ்த்ததும் டிரெசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் முழுக்கத் தோல் இல்லை. "மருந்து இன்னும் வரல. கூலிம் டவுன்ல கேட்டுப் பாக்கலாம், ஆனா காலு அதுவரைக்கும் தாங்காது" என்றார். நான் மடியிலிருந்து சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். டிரெசர் என்னைப் பார்த்தார். மாத்திரைகளைக் கிண்ணத்தில் கொட்டி, கரண்டியின் அடியால் பொடி செய்யத் தொடங்கினார்.

"இந்தக் காலத்துல இது எங்க கிடைச்சுது?" என்று மூத்தார் அவரிடம் கேட்டார்.

அவர் பதில் சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. "உங்க பொண்டாட்டி போடாம வெச்ச மருந்து. அவளுக்குக் குடுத்தது. போட்டிருந்தா இருந்திருப்பா" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது.

அவர் காலை இழுத்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். டிரெசர் கையில் பொடியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். மூத்தார் முன்னால் உட்காராதவள், அவர் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "ஆட்டாதீங்க. சிந்தினா அப்புறம் கிடையாது" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதார். டிரெசர் பொடியைத் தூவினார். ஒரு துளிகூடக் கீழே விழவில்லை.

புண் ஆறிவிட்டது. அதன்பிறகு பல வருஷம் அவர் அந்தக் காலால் நடந்து வேலைக்குப் போனார், மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். விடியற்காலையில் அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்கும். இரண்டு காலும் தரையில் சமமாகப் படுகிற சத்தம். அதைக் கேட்கும்போதெல்லாம் என் ஓரகத்திமேல் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வரும். முட்டாள் என்று அவளைத் திட்ட வாயெடுப்பேன். அவள் நினைத்ததுதான் நடந்திருக்கிறதே என்று வாயை மூடிக்கொள்வேன்.